தானாகக் குடிப்பவளுக்குத் துணை எதற்கு

நாளைக்கு மழை வருமா வராதா என்று சொல்வதற்கே படித்தவர்கள் திணறுகிறார்கள். ஆனால் அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்பதை இந்த வருடமே சொல்லிவிட, கல்வி அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். அவருடைய பதவியின் பெயர் வாயில் நுழையாத நீளம். ஆசிரியர் அறையில் அவரை ஜோசியர் என்றுதான் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வருவார். உதவி டீச்சர் வைத்திருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரில் கொஞ்ச நேரம் உட்காருவார். மடியில் இருக்கும் டேப்லெட்டில் எதையோ தட்டுவார், போய்விடுவார். அவர் தட்டியதையெல்லாம் கூட்டித்தான் யாருக்கு முழு நாள் துணை, யாருக்கு அரை நாள், யாருக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவாகும். நிஜ ஜோசியர் சொன்னது பலிக்காவிட்டால் நாலு திட்டாவது திட்டலாம். இவர் சொல்வது பலிக்காமல் போக வழியே கிடையாது. ஆள் தேவைப்படாது என்று சொல்லுவார், சொன்ன கையோடு ஆளை எடுத்துவிடுவார்.

அவர் அடுத்த வாரம் வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து மீட்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுவது அவள் வேலை. எந்த வாசலில் எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் அதைவிட மோசமாகக் கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "போன மாசம் இவ்வளவு வரலையே" என்று வாசலில் மறிக்கிறவர்களிடம், "போன மாசம் ஏசி இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். யாருக்கும் பயப்படாதவள் என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயரெல்லாம் தெருவோடு சரி. சிட்டு விஷயம் என்று வந்தால் அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

சிட்டு அவள் மகள், மூன்றாம் வகுப்பு. பிறக்கும்போது கொஞ்ச நேரம் மூச்சு நின்றுபோனதில் உடம்பின் வலது பக்கம் விறைத்துக்கொண்டுவிட்டது. அறிவுக்கு ஒரு குறைவும் இல்லை. பேச்சு நிதானமாக வரும், ஆனால் வந்தால் சரியாக வரும், சில சமயம் வேண்டியதற்கு மேலேயே வரும். அம்மாவின் வாய் அப்படியே இறங்கியிருக்கிறது என்று அப்பா சொல்லுவார். சிக்கல் தொண்டையில்தான். விழுங்க வேண்டிய நேரத்துக்கு ஒரு நொடி பிந்தித்தான் அது விழித்துக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்குள் தண்ணீர் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதல் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அப்படித்தான் போனது. யாரும் கவனிக்கவில்லை. கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் மேற்பார்வைக்கு ஒரே டீச்சர், அவர்தான் என்ன செய்வார். நுரையீரலில் சளி கட்டி, சிட்டு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கொண்டு கிடந்தாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மீட்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

அதற்கப்புறம்தான் உதவி டீச்சர் வந்தார். அகலமான தோள், அதைவிட அகலமான சிரிப்பு. உதவி என்று முழுக்கச் சொல்ல வராமல் சிட்டு அவரை 'உதி' என்பாள், அந்தப் பெயரே நிலைத்தும்விட்டது. உதி டீச்சர் ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பை ஒரு பக்கம் பிறை மாதிரி வெட்டி, வெட்டின இடத்தை வழவழவென்று தேய்த்து வைத்தார். மூக்கு இடிக்காது, அதனால் குடிக்கும்போது தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியதில்லை. தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடியை அளந்து கலக்கினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நாள் தவறாமல், ஒவ்வொரு வாய்க்கும் ஒரே பாட்டுத்தான்: "தலை கீழே. ஒரு வாய். முழுங்கு. வை." அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படி நகர்ந்தது. இந்த வருடம் சிட்டு இடது கையால் தானே டம்ளரை எடுத்து, தலையைக் குனிந்து, ஒரு வாய் குடித்து, விழுங்கி, கீழே வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். முதல் முறை குடித்த அன்று வகுப்பே கை தட்டியதாம். வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஒரு காட்சி, அம்மாவுக்கு ஒரு காட்சி, பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு காட்சி என்று மூன்று டம்ளர் குடித்துக் காட்டி, ராத்திரி படுக்கையை நனைத்தாள். அந்தப் படுக்கை விரிப்பைத் துவைத்தபோது மீட்டரம்மாவுக்கு வந்த சந்தோஷம் சம்பள உயர்வுக்குக் கூட வந்ததில்லை.

இப்போது அந்தச் சந்தோஷம்தான் வினையாக வந்து நின்றது.

ஜோசியர் வருவதற்கு முந்தின வாரம் ஹெட்மாஸ்டர் பெற்றோர்களைக் கூப்பிட்டனுப்பினார். ஏழெட்டுப் பேர் அவர் அறையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்லதைச் சொல்லக்கூடக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிற சுபாவம்.

"நான் சொல்றத நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க. அவர் பாக்கறது, பிள்ளைக்கு என்ன முடியலங்கறத மட்டும்தான். முடியாதது ஒவ்வொண்ணுக்கும் புள்ளி. முடியறது ஒவ்வொண்ணும் நமக்கு நஷ்டம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பிள்ளைங்க கொஞ்சம்…" என்று இழுத்தார். வாக்கியத்தை முடிக்க அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"மோசமா இருக்கணும்னு சொல்றீங்களா சார்?" என்று மீட்டரம்மா முடித்துவைத்தாள்.

"நீங்களே கூட்டிச் சொல்லலேன்னா உங்களுக்குத்தாம்மா கஷ்டம். எல்லாரும் கூட்டித்தான் சொல்றாங்கன்னு அவங்களுக்கும் தெரியும். அதனால மொத்தத்துல கால் பங்க முதல்லயே கழிச்சுடறாங்க. அவங்க கழிப்பாங்கன்னு நாம கூட்டறோம், நாம கூட்டுவோம்னு அவங்க கழிக்கறாங்க. நடுவுல ஒருத்தர் உள்ளத உள்ளபடி சொன்னா, அந்த உள்ளதுலயும் கால் பங்கு போயிடும்."

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது பேரம் பேசலாம். இங்கே தட்டில் வைத்து நிறுப்பது பிள்ளையை. அதைப் பற்றி அந்த அறையில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை என்பதுதான் மீட்டரம்மாவுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர். அவர் பையனுக்குச் சத்தமும் புதுத்துணியும் ஆகாது. போன வருடம் என்ன செய்தார் என்பதை அவர் ரகசியமாக, யோசனை சொல்கிற தோரணையில் அவளிடம் சொன்னார்.

"கஞ்சி போட்டு விறைப்பா தேச்ச புதுச்சட்டைய அன்னைக்குக் காலையில மாட்டிவிட்டேம்மா. கழுத்துல இருக்கற லேபிளையும் வெட்டல. அவர் வர்ற நேரத்துக்குச் சரியா, அப்படிக் கத்தினான் பாருங்க, முழு நாள் குடுத்துட்டாரு." சொல்லிவிட்டு அவர் சிரிக்க முயன்றார், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "வீட்டுக்குப் போற வழியெல்லாம் அவன் கழுத்தத் தடவிக்கிட்டே போனேன். ரத்தம் கட்டியிருந்துச்சு."

மீட்டரம்மாவுக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அந்த மனிதரை அப்படிச் செய்ய வைத்தவன் எவனோ அவனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

வீட்டில் சிட்டுவின் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் பிளம்பர். எந்தக் கசிவுக்கும் அடைப்பான் உண்டு என்பது அவர் நம்பிக்கை.

"ஒரு நாள் விஷயம்தானே. ஊரோட ஒத்துப் போயிடுவோம். அன்னைக்கு மட்டும் டம்ளர எடுக்காதன்னு சொன்னா எடுக்க மாட்டா. நம்ம சிட்டு புத்திசாலி" என்றார்.

"புத்திசாலியா இருக்கறதாலதான் சொல்றேன், வேண்டாம்."

"சரி, அரை நாள்னு எழுதிட்டுப் போயிட்டாருன்னா? மத்தியானச் சாப்பாட்டுக்கு உதி டீச்சர் இருக்க மாட்டாங்க. அப்ப யாரு பக்கத்துல உக்காருவா? நீயா, நானா?"

 மதியம் அவள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நாயோடு நிற்பாள், அவர் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைக்குள் படுத்துக் கிடப்பார். வேலையை விட்டால் வாடகைக்கு வழி இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிட்டுவைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, எதிரில் பிறை டம்ளரை வைத்தபோது, மீட்டரம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்ப்பது போல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரு விளையாட்டு விளையாடலாமா செல்லம்? ஒரு மாமா வருவாரு. குடின்னு சொல்லுவாரு. நீ குடிக்கக் கூடாது. கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துக்கணும்."

சிட்டு யோசித்தாள். அவள் யோசிக்கும்போது இடது புருவம் மட்டும் தனியாக ஏறும்.

"தெரியாதுன்னு… சொல்லணுமா?"

"ஆமா, அப்படித்தான்."

"ஆனா… தெரியுமே."

"தெரியும்டா. அன்னைக்கு மட்டும்."

சிட்டு டம்ளரின் வெட்டின விளிம்பை விரலால் தடவினாள். பிறகு கேட்டாள்: "நான் குடிச்சா… தப்பாப்பா?"

மீட்டரம்மா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள். கை ஈரம் சொட்டச் சொட்ட மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"தப்பே இல்ல. அப்பா சும்மா சொன்னாரு. யாரு வந்து கேட்டாலும் குடிச்சுக் காட்டு. அந்த மாமா என்ன, அவருக்கு மேல இருக்கற மாமா வந்தாலும் காட்டு. புரிஞ்சுதா?"

சிட்டு உடனே டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துக் காட்டினாள். அப்பா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

குறிப்பிட்ட நாளில் மீட்டரம்மா பாதித் தெருவோடு வேலையை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். நூலக அறையில் ஒரு சின்ன மேசையும் நாலு நாற்காலியும் போட்டிருந்தார்கள். வராந்தாவில் டிரைவிங் மாஸ்டர் தன் பையனோடு முறைக்காகக் காத்திருந்தார். பையன் புத்தம்புதுச் சட்டையில் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் குனிந்துகொண்டே உள்ளே போனாள்.

ஜோசியர் அவள் நினைத்த மாதிரி இல்லை. கொம்பும் வாலும் இல்லாத, மெல்லிய குரலில் பேசுகிற, எழுந்து நின்று "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்கிற மனிதர். சிட்டுவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பொய் இல்லை. இதுதான் பெரிய தொல்லை, கெட்டவன் ஒருவன் எதிரில் இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது போகலாம்.

"இது பரீட்சை இல்லம்மா, பயப்படாதீங்க. அடுத்த வருஷம் எவ்வளவு ஆள் வேண்டியிருக்கும்னு முன்கூட்டியே ஒரு கணிப்பு, அவ்வளவுதான். நம்ம பகுதியில தேவை வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. நல்ல விஷயம்" என்றார்.

"எப்படி சார் குறையுது?"

"பிள்ளைங்க முன்னேறறாங்க. அசம்பாவிதமும் குறைஞ்சிருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளியில பாருங்க, தேவையே இல்லைன்னு வந்திருக்கு."

அந்தப் பள்ளியை மீட்டரம்மாவுக்குத் தெரியும். அந்தத் தெருக்களிலும் அவள் மீட்டர் பார்க்கிறாள். அங்கே உதவி டீச்சர் கிடையாது. அதனால் துணை வேண்டிய பிள்ளைகள் பள்ளிக்கே போவதில்லை. பட்டப்பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பிள்ளைகளின் முகத்தை அவளால் இப்போதே சொல்ல முடியும். வராத பிள்ளைக்குத் தேவை இல்லை என்று கணக்குப் போடுவதற்கு ஒரு படிப்பு, ஒரு பதவி, ஒரு டேப்லெட். அவளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. ஆனாலும் தன் பிள்ளை காரியம் முடிகிற வரைக்கும் என்று வாயை அடக்கிக்கொண்டாள்.

அவர் வரிசையாகக் கேட்டார். நடப்பாளா, பிடித்துக்கொண்டு நடப்பாள். கழிப்பறைக்குத் துணை வேண்டுமா, வேண்டும். எழுதுவாளா, இடது கையால் எழுதுவாள். ஒவ்வொன்றுக்கும் மீட்டரம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். கடைசியில் குடிப்பதைப் பற்றி வந்தது.

"டீச்சர், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தானா செய்யறாளான்னு பாக்கணும்" என்றார்.

உதி டீச்சர் மீட்டரம்மாவைப் பார்த்தார். பிறகு மனசில்லாமல் எழுந்து அலமாரி ஓரம் போய் நின்றார். சிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பே கை தட்டின காட்சிதானே, அவளுக்கு என்ன பயம். இடது கையால் பிறை டம்ளரை எடுத்தாள். "தலை… கீழே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வாய். விழுங்கினாள். வைத்தாள். மறுபடி ஒரு வாய். அதுவும் ஒழுங்காக இறங்கியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மீட்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பிரமாதம்" என்று சொல்லிவிட்டு ஜோசியர் டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினார். திரையில் கணக்கு மாறியது. "சந்தோஷமான செய்திம்மா. தானா குடிக்கறா. இந்த வருஷம் முழுக்க ஒரு அசம்பாவிதமும் இல்ல. அடுத்த வருஷத்துக்கு அரை நாள் போதும்னு வருது. காலையில மட்டும்."

"சார், காலையில அவ இங்க சாப்பிடறதில்ல. மத்தியானம்தான் சாப்பாடு."

"அதான் தானா…"

"தானா குடிக்கறதுக்குக் காரணம் அந்த டீச்சர். பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வாய்க்கும் சொல்றாங்க. பேச்சு வாக்குல மறந்து தலையத் தூக்கிட்டான்னா பிடிச்சுக் குனிய வைக்கறாங்க. அதனாலதான் ஒரு அசம்பாவிதமும் இல்ல."

"அது சரிம்மா. ஆனா அசம்பாவிதமே இல்லாதப்ப தேவை இருக்குன்னு எத வச்சு நான் காட்டறது?"

"குடை பிடிச்சிருந்தேன், நனையல. நனையலையே, அப்ப குடை எதுக்குன்னு பிடுங்கிட்டுப் போறீங்க. இதானே சார் உங்க கணிப்பு?"

அவர் கோபப்படவில்லை. இப்படிப் பலர் சொல்லிக் கேட்டுப் பழகியவர் போல நெற்றியைத் தடவிக்கொண்டார். "உங்க நிலைமை புரியுதும்மா. இத நான் செய்யல. நான் தட்டறேன், அது கணக்குப் போடுது." பெரியவர்கள் முகம் மாறுவதைப் பிள்ளை பார்த்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சூழ்நிலையை இலேசாக்குவதற்காகச் சிட்டு பக்கம் திரும்பி, "கெட்டிக்காரியாச்சே, உனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் எது?" என்று கேட்டார்.

பெரியவர்கள் வாக்குவாதத்தில் இருந்தபோது சிட்டு இன்னும் ஒரு வாய் எடுத்திருந்தாள், அம்மா இன்னும் சந்தோஷப்படட்டும் என்றுதான். கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் உயரமான மனிதர். சிட்டு முகத்தை மேலே தூக்கி, வாயில் தண்ணீரோடு, "கண…" என்றாள்.

முதலில் இருமல் வந்தது. இருமல் வந்த வரைக்கும் பரவாயில்லை. அப்புறம் சத்தம் நின்றது. வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை, உள்ளேயும் ஒன்றும் போகவில்லை. உதட்டில் ஒரு நீலம் ஏறியது. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே நீலம். மீட்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். உதி டீச்சர் எப்போது மேசையைச் சுற்றி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையை ஒரு கையில் தாங்கி முன்னால் கவிழ்த்து, மறு கையால் தோள்பட்டைக்கு நடுவில் ஓங்கித் தட்டினார். ஒன்று. இன்னொன்று. மூன்றாவதில் தண்ணீர் தரையில் தெறித்தது. அதற்குப் பின்னால் ஒரு மூச்சு, கீச்சென்று, கதவுக் கீல் மாதிரி. பிறகு அழுகை. 

ஜோசியர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே பயந்துவிட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார், அதில் சந்தேகமில்லை. சிட்டு உதி டீச்சர் மடியில் தேம்பித் தேம்பி அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்து, டேப்லெட்டைத் திறந்து, மீட்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"நல்ல வேளைம்மா. நான் இருக்கும்போதே நடந்துச்சு."

"நல்ல வேளையா?" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் நேர்ல பாத்த அசம்பாவிதம் இது. எழுதிட்டா முழு நாள் கிடைச்சுடும். நானே கண்ணால பாத்ததுங்கறதால கால் பங்கும் கழிக்க மாட்டாங்க."

என் பிள்ளை இத்தனை நாள் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதற்கு அரை நாள் அபராதம். மூச்சு நின்றதற்கு முழு நாள் பரிசு. இதைச் சொல்ல வாயெடுத்தாள் மீட்டரம்மா. சொல்லி என்ன ஆகப் போகிறது, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு மருந்தும் தருகிறேன் என்பவரிடம். அதுவுமில்லாமல் அந்த மருந்து அவளுக்கு வேண்டும். அதுதான் கேவலம்.

"போடுங்க" என்றாள்.

"ஒரே ஒரு சிக்கல். அசம்பாவிதத்த எழுதற இடம், முந்தின கேள்விக்கு முடியாதுன்னு போட்டாத்தான் திறக்கும். தானா குடிக்க முடியுமாங்கறதுக்கு ஏற்கெனவே முடியும்னு போட்டுட்டேன். அத மாத்தணும்."

"முடியும் சார். ஆனா பக்கத்துல ஆள் இருந்தாத்தான் முடியும். அப்படிப் போடுங்க."

"அப்படி ஒண்ணு இதுல இல்லம்மா."

"நீங்க கையால எழுதுங்க."

"எழுத இடமில்ல. முடியும், முடியாது, ரெண்டுதான்."

உலகத்தில் எந்தப் பிள்ளை துணையில்லாமல் ஒன்றைக் கற்றுக்கொண்டது? இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவனுக்கு மட்டும் பிறந்ததும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டவில்லையா? 'துணையோடு முடியும்' என்ற இரண்டு வார்த்தைக்கு இத்தனை பெரிய அலுவலகத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது. மீட்டரம்மா உதி டீச்சரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிட்டுவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

சிட்டுவின் அழுகை நின்றிருந்தது. மூக்கு ஒழுக, கன்னம் நனைந்து, மடியில் உட்கார்ந்தபடியே பெரியவர்கள் பேச்சை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ தப்பாகிவிட்டது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். இடது கையை நீட்டி மேசையில் இருந்த பிறை டம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். யார் வந்து கேட்டாலும் குடிச்சுக் காட்டு என்று சொன்ன அம்மா.

"பெத்தவங்க நீங்க வாயால சொல்லணும்மா. அப்பத்தான் நான் மாத்த முடியும்" என்றார் ஜோசியர். "தானா குடிக்க முடியுமா, முடியாதா?"

மீட்டரம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.

"என்னம்மா?"

"முடியாது."

அவர் தட்டினார். திரையில் புதிதாக ஒரு கட்டம் திறந்தது. முழு நாள் என்று வந்தது. அவர் அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார், நல்ல செய்தி சொல்கிறவர் முகத்தோடு.

சிட்டு டம்ளரிலிருந்து விரல்களை எடுத்தாள். கையைக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டாள், அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"உதி" என்றாள், அம்மாவைப் பார்க்காமல். "தண்ணி… நீயே குடுத்துடு."